ஃபோனில் உள்ள பாட்டைக் கார் ரேடியோவில் கேட்க எந்த வழி நல்லது?

அப்பாவின் கார் மதுரையில் இருக்கிறது. 2005-இல் வாங்கியது, கேசட்டும் ரேடியோவும் மட்டுமே உள்ள செட். என் கார் சென்னையில் இருக்கிறது. 2013-இல் வாங்கியது, அதில் சி.டி., யூ.எஸ்.பி., ஆக்ஸ் (வெளியிலிருந்து ஒயரில் ஒலியை வாங்கும் துளை) மூன்றும் உண்டு, புளூடூத் மட்டும் கிடையாது. இரண்டு கார்களும் நன்றாக ஓடுகின்றன. பாட்டுக்காகக் காரை மாற்றும் எண்ணம் எங்கள் இருவருக்கும் இல்லை. ஆனால் பாட்டு முழுவதும் இப்போது ஃபோனுக்குள் இருக்கிறது. அப்பா தன் வாழ்நாளில் சேர்த்த கேசட்டுகளை இரண்டு கோடை விடுமுறைகளில் கணினியில் ஏற்றி அவருடைய ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். அதைக் காரில் கேட்க வழி செய்து கொடு என்று அவர் கேட்டதிலிருந்து தொடங்கியது இந்தத் தேடல். கடைகளில் விற்கும் ஏறக்குறைய எல்லா வழிகளையும் காசு கொடுத்து வாங்கிப் பார்த்துவிட்டேன். அந்த அனுபவம் இன்னொருவருக்கு வீண் செலவைத் தவிர்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சோதித்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய திரைப்பாடலைப் போட்டு ஒரு கருவி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. தாளமும் பேஸும் நிறைந்த பாட்டு எந்தக் குறையையும் மூடிவிடும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வர ஆலாபனையைத்தான் நான் போடுவேன். அவர் ஒரு பிடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், பக்கத்தில் விடாமல் சுருதி பிடிக்கும் ஒத்து என்ற குழல் மட்டும் மெல்லிய கோடாக நின்றுகொண்டிருக்கும். அந்த இரண்டு விநாடிகளில் ஒயரின் குறை, அலையின் இரைச்சல், எஞ்சினின் முனகல் எல்லாம் வெளியே வந்துவிடும். உங்களுக்கு வீணையோ புல்லாங்குழலோ பிடிக்கும் என்றால் அதைப் போடுங்கள். அமைதி இருக்கும் இசையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் வாங்கும் முன்பு செட்டின் முகத்தைக் கவனமாகப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்து பக்கத்தில் ஆக்ஸ் என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. சில கார்களில் அந்தத் துளை செட்டில் இருக்காது. கியருக்கு முன்னால் உள்ள குழியிலோ, டேஷ்போர்டு பெட்டிக்குள்ளோ ஒளிந்திருக்கும். என் நண்பர் ஒருவர் நான்கு ஆண்டுகள் ஓட்டிய பிறகுதான் தன் காரில் அது இருப்பதையே கண்டார். யூ.எஸ்.பி. துளை இருந்தால் அது செட்டைச் சேர்ந்ததா, ஃபோனுக்கு மின்சாரம் ஏற்ற மட்டுமா என்று பாருங்கள். பென் டிரைவைச் செருகினால் செட்டின் திரை மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது வெறும் சார்ஜர் துளை.

ஒன்றுமே இல்லாத அப்பாவின் செட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் அதிகம் அலைந்தேன்.

கேசட் வடிவிலேயே ஒரு அடாப்டர் கிடைக்கிறது. அதன் ஓரத்திலிருந்து ஓர் ஒயர் வெளியே வந்து ஃபோனில் சேரும். உள்ளே நாடாவுக்குப் பதிலாக ஒரு சிறு காந்தத் தலை. அது செட்டின் தலையோடு ஒட்டி நின்று பாட்டைக் காந்தப்புலமாகவே கடத்திவிடும். எளிமையான, அழகான ஏற்பாடு. வானொலி அலை நடுவில் வராததால் எந்த ஊருக்குப் போனாலும் ஒலி மாறாது. கேசட் செட் நல்ல நிலையில் இருந்தால், அடுத்துச் சொல்லப்போகும் டிரான்ஸ்மிட்டரைவிட இதையே வாங்கச் சொல்வேன். ஆனால் அப்பாவின் செட்டில் ரப்பர் பெல்ட் அறுந்திருந்தது. செட்டின் சக்கரங்கள் சுழலவில்லை என்றால் நாடா முடிந்துவிட்டது என்று எண்ணி அது கேசட்டை வெளியே தள்ளிவிடும். நாடாவே இல்லாத அடாப்டருக்கும் அதே கதிதான். மூன்று முறை உள்ளே போட்டோம், மூன்று முறையும் துப்பியது. பெல்ட் மாற்றித் தரும் பழைய மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் போவது நல்லது. எங்களுக்குத் தெரிந்தவர் கடையை மூடிவிட்டார்.

அடுத்து எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவதும், பிறகு முதலில் தூக்கிப் போடுவதும் இதைத்தான். அதன் இயல்பைப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால் அவ்வளவு மோசமில்லை.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கட்டைவிரல் அளவுக் கருவி அது. ஃபோனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, தானே ஒரு குட்டி வானொலி நிலையமாக நின்று எஃப்.எம். அலையில் விடும். கருவியில் 88.3 என்று வைத்தால் ரேடியோவிலும் 88.3 வைக்க வேண்டும். பக்கத்து வண்டிகளையும் வீடுகளையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் இதன் வலிமை மிகவும் குறைவு. பிரிட்டன் 2006 டிசம்பரில் இவற்றை அனுமதித்தபோது வைத்த உச்சவரம்பு 50 நானோவாட், அதாவது ஒரு வாட்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. எதிரே மலை உச்சியிலிருந்து கிலோவாட் கணக்கில் ஒலிபரப்பும் நிலையங்கள். அவற்றோடு இந்தக் கட்டைவிரல் போட்டியிடுகிறது.

எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்து சேர்ந்தால் இரண்டையும் கலந்து தராது. எது வலுவானதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஆகவே காலியான எண்ணில் இருக்கும்வரை டிரான்ஸ்மிட்டர் நன்றாகவே பாடும். காலியாக இல்லாத இடத்துக்குள் வண்டி நுழைந்ததும் ஒரேயடியாக விட்டுவிடும். இதை நான் கற்றது விராலிமலைக்கு அருகில்.

மதுரையிலிருந்து சென்னைக்கு அப்பாவின் காரிலேயே கிளம்பினோம். மதுரையில் கோடைப் பண்பலை 100.5-இலும் மதுரை வானொலி 103.3-இலும் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே 102.0 காலியாக இருந்தது, அதையே வைத்தேன். மேலூர், துவரங்குறிச்சி வரை குறையே இல்லை. அப்பா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். விராலிமலையைத் தாண்டியதும் நாகஸ்வரத்தின் ஓரத்தில் மணல் உரசுவது போன்ற ஒலி. இன்னும் சில கிலோமீட்டரில் ஒரு பெண் குரல் ஒரு சொல் சொல்லி மறைந்தது, பிறகு இரண்டு சொல், பிறகு முழு வாக்கியம். திருச்சி வானொலி 102.1-இல் வருகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. தோடி ராகம் போய் உழவர்களுக்கான அறிவிப்பு வந்துவிட்டது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு வழியில் உள்ள நிலையங்களைக் குறித்து வைத்துக்கொண்டேன். கோடை 100.5, மதுரை 103.3, திருச்சி 102.1, விழுப்புரத்தைச் சுற்றிக் கேட்கும் புதுச்சேரி 102.8, சென்னை ரெயின்போ 101.4. ஆக இந்தச் சாலையில் 100-க்கும் 104-க்கும் இடையில் கடைசிவரை காலியாக இருக்கும் எண் கிடைப்பது கடினம். தனியார் நிலையங்களும் ஊருக்கு ஊர் பெரும்பாலும் அதே எண்களில்தான் இருக்கின்றன: சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4. அவற்றின் பக்கமும் போக வேண்டாம். காலியாகத் தோன்றும் 90.4-உம் 107.8-உம் கல்லூரிகளின் சமுதாய வானொலிகளுக்குப் பழக்கமான எண்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004 முதல் 90.4-இல்தான் இருக்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் 87.5 முதல் 89.5 வரையிலான அடிப்பகுதி. அங்கே டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் நகர்த்திப் பாருங்கள். வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் எண்ணாக இருக்க வேண்டும், அதற்கு 0.2 மேலேயும் கீழேயும் அதே வெறும் இரைச்சல்தான் இருக்க வேண்டும். பலர் 87.5-ஐ அப்படியே விட்டுவிடுவதால் சென்னையில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரின் பாட்டு ஒரு கணம் நம் காருக்குள் வந்துபோவதும் உண்டு. 88.3 போன்ற ஓர் எண்ணை எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும்.

இலங்கையில் ஓட்டுபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளின் ரேடியோ அன்றைய ஜப்பானிய அலைவரிசைக்கு, அதாவது 76 முதல் 90 வரைக்கும் செய்யப்பட்டது. இங்கே விற்கும் டிரான்ஸ்மிட்டர் 87.5-இல்தான் தொடங்கும். இரண்டும் சந்திக்கும் இடம் 87.5-இலிருந்து 90 வரை மட்டுமே. அதற்குள் ஓர் எண் காலியாக இல்லை என்றால் டிரான்ஸ்மிட்டரை வாங்கிப் பயனில்லை.

டிரான்ஸ்மிட்டரிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று காரியங்கள் செய்யுங்கள். கார் ஏரியலை இழுத்து நீட்டியிருந்தால் உள்ளே தள்ளிவிடுங்கள். திருகிக் கழற்றும் வகை என்றால் கழற்றி வையுங்கள். ஏரியல் குட்டையானால் தொலைவிலுள்ள நிலையம் மங்கும், காருக்குள்ளேயே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அந்த அளவுக்கு மங்காது. அப்பாவின் காரில் பானெட் ஓரத்து ஏரியலை முழுதாக உள்ளே தள்ளியதும் உரசல் பாதியாகக் குறைந்ததை நானே கேட்டேன். இரண்டாவது, ரேடியோவில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஸ்டீரியோவுக்கான கூடுதல் அலையைப் பிரித்தெடுப்பதில்தான் இரைச்சல் பெருகுகிறது. பழைய நாகஸ்வரப் பதிவுகளெல்லாம் மோனோவாகவே பதிவானவை. ஸ்டீரியோவை விடுவதால் அவற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மூன்றாவது, ஃபோனில் ஒலியை முழுதாக வைக்காதீர்கள். முக்கால் அளவு போதும். அதற்கு மேலே போனால் தவில் அடி விழும்போதெல்லாம் பிளந்து கேட்கும்.

இத்தனையும் செய்தாலும் எஃப்.எம். ஒலிக்கு ஓர் எல்லை இருக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதில் ஒன்றும் போகாது. பழைய பதிவுகளுக்கு அது குறையே இல்லை. புதிய பதிவுகளில் ஜால்ராவின் கூர்மையும் கைத்தாளத்தின் மினுமினுப்பும் மழுங்கும். ஊருக்கு வெளியே ஒரே வட்டாரத்தில் ஓட்டுபவருக்கு டிரான்ஸ்மிட்டர் போதும். சென்னைக்குள் தினமும் ஓட்டுபவருக்கும், மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவருக்கும் நான் சொல்லமாட்டேன்.

இனி என் கார். அதில் ஆக்ஸ் துளை இருப்பதால் ஓர் ஒயர் போதும் என்று நினைத்தேன். உண்மையில் ஒலித்தரத்தில் இந்த ஒயருக்கு இணை இல்லை. அலை இல்லை, சுருக்குதல் இல்லை, ஃபோனில் எப்படி இருக்கிறதோ அப்படியே செட்டுக்குப் போகிறது. ஃபோனின் ஒலியை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, ஏற்றி இறக்குவதைச் செட்டில் செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டருக்குச் சொன்னதற்கு நேர்மாறு இது. ஃபோனைக் குறைத்துச் செட்டைக் கூட்டினால் ஒயரில் சேரும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவீர்கள்.

ஃபோனில் பழைய ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால் இடையில் ஒரு மாற்றி வேண்டும். 2016-இல் வந்த ஐஃபோன் 7-இல் அந்தத் துளை போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். டைப்-சி மாற்றி வாங்கும்போது கவனம் தேவை. வெறும் ஒயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது ஒரு வகை. அது சில ஃபோன்களில் மட்டும் வேலை செய்யும். உள்ளே ஒலியாக்கும் சிப் உள்ளது இன்னொரு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கடையிலேயே உங்கள் ஃபோனில் செருகி, பாட்டு வருகிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

ஒயர் போட்டு ஒரு வாரம் நான் பட்ட பாடு வேறு. ஃபோன் சார்ஜரில் இருக்கும்போது, எஞ்சின் ஓடும்போது, பாட்டுக்குப் பின்னால் மெல்லிய ஊளை ஒன்று. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. ஒத்து ஒரே சுருதியில் நிற்க, அதன் மேல் இந்த ஊளை ஏறி இறங்குவதைக் கேட்கவே முடியவில்லை. ஒயரை மாற்றினேன். விலை கூடிய ஒயர் வாங்கினேன். போகவில்லை. செட்டில் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றக் கொடுக்கும் வரைக்கும் போய்விட்டேன். நல்லவேளையாக அந்த எலெக்ட்ரீஷியன் நேர்மையானவர். செட்டைத் தொடவே இல்லை. "சார், சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்" என்றார். கழற்றினேன். ஊளை அந்தக் கணமே நின்றது. திரும்பச் செருகினேன், வந்தது.

காரணம் இதுதான். ஃபோன் சார்ஜர் வழியாக ஓரிடத்திலும், ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னோரிடத்திலும் காரின் எர்த்தைத் தொடுகிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. எஞ்சினோடு சுழன்று காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் உண்டாகும் சிறு மின் அலைகள் அந்த வளையத்தில் ஓடிப் பாட்டோடு கலக்கின்றன. எஞ்சின் வேகம் கூடினால் ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுழலும், ஊளையின் சுருதியும் ஏறும். அதைப் போக்க எளிய வழி சார்ஜரைப் பயன்படுத்தாமல் இருப்பது, அல்லது காரோடு சேராத பவர் பேங்க்கிலிருந்து ஃபோனுக்கு மின்சாரம் ஏற்றுவது. சார்ஜர் வேண்டியே தீரும் என்றால் ஆக்ஸ் ஒயரின் நடுவில் போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். பாட்டைக் கடத்தும், எர்த்தை மட்டும் பிரித்துவிடும். மிக மலிவானவற்றில் தவிலின் அடிக்குரல் கொஞ்சம் மெலியும். ஊளையோடு ஒப்பிட்டால் அது ஒரு குறையாகவே தெரியாது. இந்த ஒரு தகவல் முன்பே தெரிந்திருந்தால் இரண்டு ஒயர்களின் விலை மிஞ்சியிருக்கும்.

ஒயர் தொங்குவது பிடிக்காதவர்களுக்கு, ஆக்ஸ் துளையில் செருகும் புளூடூத் ரிசீவர் இருக்கிறது. ஒலி நன்றாகவே இருக்கும். சுருக்கி அனுப்பினாலும் ஓடும் காரின் சத்தத்தில் ஒயருக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் இதையும் கார் சார்ஜரில் செருகியே ஓட்டினால் அதே ஊளை திரும்ப வரலாம். சொந்த பேட்டரி உள்ளதாக வாங்கினால் வராது. பதிலுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டில் சார்ஜ் போட வேண்டும், பேட்டரி உள்ள எதையும் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டுவரவும் கூடாது.

செட்டிலேயே புளூடூத் இருக்கிறது, ஃபோன் இணைகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. பழைய செட்டுகள் பலவற்றில் உள்ள புளூடூத் அழைப்பு பேசுவதற்கு மட்டுமானது. பாட்டை ஸ்டீரியோவில் அனுப்பும் ஏற்பாடு வேறு; அது செட்டில் இல்லை என்றால் ஃபோனில் என்ன செய்தாலும் வராது. முதலில் ஃபோனின் புளூடூத் பட்டியலில் அந்தச் செட்டின் பெயரைத் தொட்டு, அழைப்புக்கும் மீடியா ஒலிக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு சுவிட்சுகளையும் பாருங்கள். மீடியா என்ற வரியே இல்லையென்றால் முடிவு தெரிந்துவிட்டது. அழைப்பு வழியாகப் பாட்டை அனுப்பும் ஆப்கள் சில உண்டு. தொலைபேசியில் கேட்பது போன்ற மோனோ ஒலிதான் வரும். நான் ஒரு பாட்டுக்கு மேல் கேட்கவில்லை.

பலர் மறந்துவிட்ட பென் டிரைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் காரில் இன்று நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான். ஊளை இல்லை, இணைப்பு அறுவதில்லை, அழைப்பு வந்து பாட்டு நிற்பதில்லை, ஃபோனைத் தொடும் தேவையே இல்லை. கடைசிக் காரணம்தான் எனக்கு முக்கியம். ஓட்டும்போது கையில் ஃபோனைப் பயன்படுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதிக்க இடமுண்டு. அபராதத்தை விடுங்கள். அடுத்த பாட்டைத் தேடி ஐந்து விநாடிகள் குனிந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நூறு மீட்டருக்கு மேல் நம் கண் இல்லாமல் ஓடிவிடும். செட்டின் பொத்தானை விரல் தடவியே அறியும். ஃபோனின் கண்ணாடியை அப்படி அறியாது.

பென் டிரைவில் சிக்கல்கள் உண்டு, எல்லாம் வீட்டிலேயே தீர்க்கக்கூடியவை. பழைய செட்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற வடிவத்தை மட்டுமே படிக்கும். 64 ஜி.பி. பென் டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போதே வேறு வடிவத்தில் இருக்கும். செருகினால் செட் பேசாமல் இருக்கும். 16 அல்லது 32 ஜி.பி. வாங்குங்கள், அதுவே ஏராளம். 320 கிலோபிட் எம்.பி.3-இல் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்.பி. பிடிக்கும், 16 ஜி.பி.யில் ஆயிரத்து முந்நூறு பாட்டுகளுக்கு இடம் இருக்கிறது. வரிசை குழம்புகிறது என்பது அடுத்த புகார். பல செட்டுகள் பெயர் வரிசையைப் பார்க்காமல், நாம் நகலெடுத்த வரிசையிலேயே பாடும். ஒரு கச்சேரியில் மங்களம் முதலில் வந்து வர்ணம் கடைசியில் வந்தால் அப்பாவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? பென் டிரைவை முழுதாக அழித்துவிட்டு, கச்சேரிக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, 001, 002 என்று எண் வைத்து, அந்த வரிசையிலேயே நகலெடுத்தால் சரியாகிவிடும். தமிழில் வைத்த பெயர்கள் பழைய திரைகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். வேறு வழியில்லை, ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓடும் லட்சக்கணக்கான கார்களுக்குச் செட் செய்பவர்கள் இதைக் கவனிக்காதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

புதிதாக வரும் பாட்டை அன்றன்றே ஆப்பில் கேட்பவர்களுக்குப் பென் டிரைவ் ஒத்துவராது. சேர்த்து வைத்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

கடைசி வழி செட்டையே மாற்றுவது. பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை அல்ல. கார் செட்டின் முகம் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு: 180-க்கு 50 மில்லிமீட்டர். இரட்டை அளவு என்றால் 180-க்கு 100. உங்கள் டேஷ்போர்டில் உள்ளது எந்த அளவு என்று அளந்துகொண்டு போனால் கடைக்காரர் பெரிய திரையைத் தலையில் கட்ட முடியாது. புளூடூத், யூ.எஸ்.பி., ஆக்ஸ் மூன்றும் உள்ள ஒற்றை அளவுச் செட் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெட்டியில் 50 வாட் பெருக்கல் நான்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். காரின் 14 வோல்ட்டில் சாதாரணச் செட் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 20 வாட். எல்லா நிறுவனங்களுக்கும் அதே பேட்டரிதான்.

பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். காரோடு வந்த ஒயர்களை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதை அனுமதிக்காதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர், அதாவது வெட்டாமல் ஒயர்களை இணைக்கும் செருகி, வாங்கிச் செருகச் சொல்லுங்கள். செட்டிலிருந்து வரும் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெற வேண்டியது. நினைவில் வைத்த நிலையங்களைக் காப்பது அதுதான். சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பியதும் மட்டும் உயிர் பெற வேண்டியது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் சேர்த்தால் சில நாள்கள் நிறுத்திய வண்டி கிளம்பாமலும் போகலாம். அப்பாவின் காரில் முதலில் பொருத்தியவர் அப்படித்தான் முறுக்கியிருந்தார். பார்த்ததும் பிரிக்கச் சொன்னேன்.

மலிவான ஆண்ட்ராய்டு திரைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாவியைத் திருப்பி அரை நிமிடம் காத்திருந்தால்தான் பாட்டு வருகிறது. இரவில் திரை கண்ணைக் கூசுகிறது. ஒலியைக் கூட்டும் திருகுகூட இல்லை. வரைபடமும் திரையில் வேண்டும் என்றால், ஃபோனின் ஆப்களைச் செட்டின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே உள்ள நல்ல செட்டுக்குக் கூடுதலாகச் செலவழியுங்கள். இல்லையென்றால் பொத்தான்கள் உள்ள சாதாரணச் செட்டே மேல்.

இன்னொன்று. செட்டை மாற்றும் முன்பு ஸ்பீக்கரைக் கேளுங்கள். ஒலியை முன், பின், இடம், வலம் என்று ஒவ்வொரு மூலைக்கும் தள்ளி ஒரே பாட்டைப் போடுங்கள். ஏதாவது ஒரு மூலையில் கரகரத்தால் அங்குள்ள ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருக்கலாம். புதுச் செட்டு அதைத் தைக்காது. அப்பாவின் காரில் இடது கதவு ஸ்பீக்கர் அப்படித்தான் இருந்தது. டிரான்ஸ்மிட்டர்மீது நான் சுமத்திய குற்றத்தில் கொஞ்சம் அதனுடையது.

என் காரில் பென் டிரைவோடும், நீண்ட பயணங்களில் ஆக்ஸ் ஒயர், ஐசொலேட்டரோடும் நிறுத்திக்கொண்டேன், செட்டை மாற்றவில்லை. அப்பாவின் காரில் மாற்றினேன். எழுபது வயதைத் தாண்டியவரை ஊருக்கு ஊர் எண் மாற்றச் சொல்வது நியாயமாகப் படவில்லை. முன் கதவுகள் இரண்டுக்கும் ஸ்பீக்கர், பொத்தான்கள் பெரிதாக உள்ள ஒற்றை அளவுச் செட், ஒரு 16 ஜி.பி. பென் டிரைவ். பழைய கேசட் செட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறோம்.

பொருத்தி முடித்த அன்று மாலை அழகர்கோவில் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். செட்டைப் பொருத்தியவர் ரேடியோவில் நிலையங்களைச் சேமித்துத் தரட்டுமா என்று முன்பே கேட்டிருந்தார். அப்பா முதல் பொத்தானில் 100.5 மட்டும் வைக்கச் சொல்லியிருந்தார். பென் டிரைவில் ஆலாபனை ஓடியது. காருகுறிச்சியார் மூச்சு வாங்கிய இடத்தில் நான் காது கொடுத்தேன். ஒத்து மட்டும் நின்றுகொண்டிருந்தது. அப்பா சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தூரம் போ" என்றார்.